தறி நின்ற தெரு

ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அக்கா தங்கை என்பது முகத்திலேயே தெரிந்தது. மூத்தவள் சொன்னாள்:

"டிரைவர் வண்டிய ஆஃப் பண்ணா என் கைய புடிச்சிக்கடி. சத்தம் நின்னா தான் எனக்கு பயம்."

"இன்னும் போகலியாக்கா?"

"எங்க வூட்டுக்காரரு தறியில கரண்டு அடிச்சி விழுந்தப்போ, தெரு பூரா தறிய நிறுத்திட்டாங்க இல்ல? அந்த அமைதியும் அவரு சாவும் ஒண்ணா மனசுல ஒட்டிக்கிச்சாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"அதான் நூலே இல்லாம வெறுந்தறிய ஓட்டிக்கினு இருக்கியா?"

"ஆங். அப்படி ஓட்டினா பயம் வளந்துகினே தான் போவுமாம். தினம் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு, எழுந்து ஓடாம உக்காருன்னாங்க. நேத்து உக்காந்தேன். நெஞ்சு படபடன்னு அடிச்சிது. அப்புறம் பயம் தானா அடங்கிடுச்சி."

"நல்லது தானேக்கா?"

"பயம் அடங்கின பிறகு தான்டி, அவரு இல்லன்னே எனக்குத் தெரிஞ்சிது."

பஸ் ஸ்டாண்டில் இன்ஜின் நின்றது. தங்கை சட்டென்று கையை நீட்டினாள். அக்கா அதைப் பிடிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.