கிழக்கு மூலையில் பத்தொன்பது டிகிரி

சாயங்காலம் ஆறரை மணி. ஜனவரி மாதம். கனடாவில் தண்டர் பே என்ற ஊரில் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. ரயில் பாதையை ஒட்டி, தானியக் கோபுரங்களுக்குப் பின்னால் போகும் சாலை. அதில் ஒரே ஒரு வண்டி... ஓட்டிக்கொண்டு போனவன் ரெய்னோ. என் மனைவியின் அண்ணன்.

பனி மூடிய நெடுஞ்சாலையைத் திறக்க விடிந்துவிடும் என்கிறார்கள். அதனால் சொல்கிறேன். தள்ளி உட்காருங்கள், எல்லாருக்கும் இடம் வேண்டும்.

ரெய்னோவின் தொழில் கிடங்குகளுக்கு மதிப்பீடு போடுவது. கூரையில் தொங்கும் பழைய கேஸ் ஹீட்டர் எவ்வளவு எரிக்கிறது, புதிய ரகம் மாட்டினால் எவ்வளவு மிச்சம், மாட்டிய செலவு எத்தனை வருடத்தில் திரும்பும். கணக்கில் புலி. ஒரு டாலர் கூட்டியும் சொல்லமாட்டான், குறைத்தும் சொல்லமாட்டான்.

அன்று அவன் போய்க்கொண்டிருந்த கிடங்குக்கு முதல்முறை போனது ஏழு வருடத்துக்கு முன்னால். உள்ளே காகிதச் சுருள்கள். ஆறு ஹீட்டர். முதலாளி எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

"நாலு வருஷத்துல காசு திரும்புதுன்னா மாத்தறேன். இல்லேன்னா பேச்சே வேணாம்."

ரெய்னோ அளந்தான். வருடத்துக்கு இருபத்தோராயிரம் டாலர் கேஸ். புதியவை புகைபோக்கியில் வீணாகப் போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். மூவாயிரத்து நானூறு மிச்சமாகும். மாட்ட நாற்பதாயிரம். ஏறக்குறைய பன்னிரண்டு வருடம்.

கிளம்பும்போது ஐலி வழிமறித்தாள். சுருள்களைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள். ஐம்பது வயது, வாயாடி.

"என்னப்பா கால்குலேட்டர், எங்களுக்குக் குளிர் விடுமா விடாதா?"

"பன்னெண்டு வருஷம் வருது, ஐலி. அவர் ஒத்துக்கமாட்டார்."

"அதை விடு. கிழக்கு மூலை ஹீட்டருக்கு அடியில உக்காந்து சாப்பிட்டா மண்டை இடிக்குது. உள்ள எங்கயோ கீறல் விட்டிருக்கு. அதையாவது எழுதிட்டுப் போ."

"நான் மிச்சக் கணக்குக்கு வந்தவன். அது ரிப்பேர்காரன் வேலை."

"எங்க பேச்சு அந்த ஆளு காதுல ஏறாது. உன் பேப்பரைத்தான் படிப்பாரு."

ரெய்னோ எழுதவில்லை. 'மாற்றுவது லாபமில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஐலி அந்த மூலையில், பலகை மேல் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தாள். கையில் பாதி கடித்த ரொட்டி. ஹீட்டர் கக்கிய விஷப்புகை. விசாரணையில் முதலாளி ரெய்னோவின் தாளை எடுத்து நீட்டினார். "நிபுணரே வேணாம்னுட்டார்." அதோடு முடிந்தது. ஒருவர் மேலும் நடவடிக்கை இல்லை. ரெய்னோவுக்கு அடுத்த வருடம் சம்பளம்கூடக் கூடியது.

கிடங்கை மூடினார்கள். கேஸ் குழாயை வெட்டி அடைத்து, மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து வருடம் கழித்து வேறொருவர் வாங்கினார். புது மதிப்பீடு கேட்டார். கம்பெனி ரெய்னோவையே அனுப்பியது. ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன்.

"போகலைன்னா காரணம் சொல்லணுமே."

முதலில் சொன்ன அந்தச் சாயங்காலம், உள்ளே டார்ச் வெளிச்சம் மட்டும். மூச்சு புகையாக வந்தது. வெப்பமானியைச் சுவர் சுவராகக் காட்டிக் குறித்துக்கொண்டே போனான். மேற்கு, மைனஸ் இருபத்திரண்டு. வடக்கு, மைனஸ் இருபத்திரண்டு. கிழக்கு மூலை... பத்தொன்பது. மைனஸ் இல்லை.

பேட்டரிக் கோளாறு என்று நினைத்தான். கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினான். கதகதப்பு. மேலே... டிக்... டிக்... சூடேறும் தகரம் விரியுமே, அந்தச் சத்தம். பிறகு 'புஸ்' என்று நெருப்புப் பற்றும் ஓசை. ரொம்ப நாள் கழித்துப் போட்ட ஹீட்டரில் தூசி கருகுமே, அந்த வாடை.

அண்ணாந்து பார்த்தான். அங்கே ஹீட்டரே இல்லை. விசாரணைக்கென்று எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூரையில் அதை மாட்டியிருந்த நான்கு துளைகள்தான்.

ஓடியிருக்க வேண்டும். அவன் உட்கார்ந்தான். "அவ்வளவு இதமா இருந்துச்சு" என்றான் என்னிடம். கோட்டுப் பொத்தானை அவிழ்த்தான். கண் சொக்கியது... கால் அசையவில்லை.

பையில் போன் அடித்தது. புது முதலாளி.

"பாத்தாச்சா? எத்தனை வருஷத்துல காசு திரும்பும்?"

அந்தக் கேள்விதான் அவனை உலுக்கியது. தவழ்ந்தே வெளியே வந்தான். பனியில் வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், "மூடின இடத்துல எவ்வளவு நேரம் வண்டியை ஓடவிட்டீங்க? ரத்தம் பூரா விஷப்புகை."

"எங்கயும் எதுவும் எரியலை, டாக்டர்."

அவர் பேனாவை எடுத்தார். தற்கொலை முயற்சி என்று எழுதினார்.

வேலை போயிற்று. மதிப்பீட்டை வேறொருவன் போட்டான். லாபமில்லையாம். மீதி ஐந்து பழைய ஹீட்டர்களையும் துடைத்து, கேஸை மறுபடி இணைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். உள்ளே இப்போது முப்பது பேர் வேலை செய்கிறார்கள்.

இன்னொன்று... அன்று உள்ளே நுழைந்ததும் வாசலில் நின்றபடி ரெய்னோ ஒரு வெப்பப் படம் எடுத்திருந்தான். குளிர்ந்தது நீலமாக விழும், சூடானது சிவப்பாக. எடுத்தபோது திரை முழுக்க நீலம்தான் என்று சத்தியம் செய்கிறான். அச்சுப் போட்டு என்னிடம் கொடுத்தான்.

கிடங்கு பூராவும் நீலம். கிழக்கு மூலையில் மட்டும், பலகை மேல், சிவப்பாக ஓர் உருவம் உட்கார்ந்திருக்கிறது... ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு.