விதானையாரின் அணித்தேர்வு

எனக்குத் தேநீரில் சீனி கூடினால் பிடிக்காது. உங்களுக்கும் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன், றொபேட் தம்பி. குடியுங்கள். அணியின் பயிற்சியாளர் சான்ட்ரிங்ஹாமில் என் வீட்டுப் படியேறுவது இதுதான் முதல் தடவை.

மூன்று வருடமாக உங்கள் சொப்ட்போல் அணியின் ஒரு ஆட்டத்தையும் நான் தவறவிட்டதில்லை. ரானுயி மைதானத்தின் ஓரத்தில், மடக்குக் கதிரையும் பிளாஸ்க்குமாக, மழையிலும் இருந்திருக்கிறேன். ஊரில் மட்டையால் பந்தை விளாசி ஓடும் எல்லே ஆடி வளர்ந்த நமது பொடியன்களுக்கு இந்த விளையாட்டு லேசாகக் கைவந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை. வேறு பொழுதுபோக்கு எனக்கு இல்லை.

பிறகு மே மாதம் வந்தது. இந்தத் தென்கோடி நாட்டில் அது குளிர்காலம், ஆட்டங்கள் இல்லை. அணிகள் கெட்டுப்போவது அந்த மாதங்களில்தான். நமது சனத்தின் பலசரக்குக் கடையின் பின்னறையில், அணியைத் தெரிவுசெய்ய நாலு பேர் கூடினீர்கள். முதல் தளத்தில் நின்ற குமாரசாமியை வீட்டுக்கு அனுப்பினீர்கள். மூன்று பருவமாகப் பந்தெறிந்த பிரதாபனை வெளியில் இருத்திவிட்டு, போன வருடம் வந்திறங்கிய கௌசிகனுக்கு அந்த இடத்தைக் கொடுத்தீர்கள். கடைக்கு அரிசி வாங்க வந்த சனமெல்லாம் அதைப் பற்றிக் கருத்துச் சொன்னது. பாதிப் பேருக்கு ஆட்டத்தின் சட்டமே தெரியாது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. பிரதாபன் அப்படியல்ல. ஒவ்வொரு சுற்று முடியவும் கதிரையடிக்கு வந்து, "எப்பிடி அங்கிள், சரியோ?" என்று கேட்பான்.

கௌசிகனின் எறி வேகமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியில் ஒவ்வொரு எறிக்கு முன்னும் இரண்டு விரலை நக்குவான். நாக்கை நீட்டி, எச்சில் பளபளக்க நக்கிவிட்டு, காற்சட்டையில் ஒரு தேய்ப்பு. அதைப் பார்த்துவிட்டு, கொண்டுபோன சாண்ட்விச்சைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்த நாட்கள் உண்டு. ஒருநாள் நாகரிகமாகத்தான் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "விதானையார் ஒருநாளாவது பந்தைக் கையில பிடிச்சவரோ?" என்றான். நீங்களும் சிரித்தீர்கள். அதை நான் அன்றே மறந்துவிட்டேன்.

கடிதத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஊரில் நான் இருபத்திரண்டு வருடம் விதானையாராக, அதாவது கிராமத்தின் அரசாங்க அலுவலராக இருந்தவன். இன்னார் இந்தக் கிராமத்தவர் என்று நான் எழுதிக் கையெழுத்திட்டால்தான் அரசாங்கம் நம்பும். இங்கே வந்த பிறகும் அகதி விண்ணப்பம் போட்டவர்கள் என்னிடம்தான் வருவார்கள். பதினொரு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினொரு பேருக்கும் விசா கிடைத்தது. கௌசிகனின் விண்ணப்பம் ஒருதடவை தள்ளுபடியாகி, மேன்முறையீட்டில் நின்றது. வழக்கறிஞர் மற்றதெல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். என் கடிதம் மட்டுமே பாக்கி. ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

முதல் நாள் வியாழன் பின்னேரம், கொய்யா மாதிரியான பீஜோவாப் பழம் ஒரு பையோடு வந்தான். சமையலறையில் நின்றபடியே ஒன்றைப் பிய்த்துத் தின்றான். தின்றுவிட்டு விரல்களை நக்கினான். அப்போதுதான் அந்த விரல்களைக் கிட்டத்தில் பார்த்தேன். இரண்டிலும் நகமில்லை. இராணுவ முகாமில் பிடுங்கியது. "நுனி மரத்துப்போச்சுது ஐயா, ஈரம் இல்லாட்டிப் பந்து வழுக்கும்" என்றான். அதையும் கடிதத்தில் எழுதச் சொல்லிக் கேட்டான். ஓம் என்றேன்.

உள்ளே போய் இரண்டு வரி தட்டச்சு செய்தேன். இவரை எனக்குத் தெரியாது. என் பிரிவில் இப்படியொரு குடும்பம் இருந்ததில்லை. முத்திரை குத்தி, உறையை ஒட்டி, "நேரே மேன்முறையீட்டுக் கந்தோரிலேயே குடு, பிந்தக்கூடாது" என்று அவன் கையிலேயே கொடுத்தேன். விதானையார் ஒட்டிய உறையை நமது சனம் பிரிக்காது. அது மரியாதை. சட்டைக்குள் வைத்து, மழையில் நனையாமல் அவனேதான் கொண்டுபோய்க் கொடுத்தான். நிராகரித்த முடிவோடு வந்த கடிதப் பிரதியைப் பார்த்தபோதுதான் வழக்கறிஞருக்கே தெரியவந்திருக்கிறது.

தெரியாது என்று எழுதியது பொய்தான். அவன் தாய் வசந்தமலருக்குக் அரிசிக் கூப்பன் மட்டை எழுதிக் கொடுத்தவனே நான்தான். அவனைச் சுற்றிவளைப்பில் பிடித்தபோது அவள் என் வாசலில்தான் வந்து விழுந்தாள். இப்போது இங்கேயும் எனக்குத்தான் எழுதியிருக்கிறாள். செப்டம்பரில் திருப்பியனுப்பப்பட்டுக் கொழும்பில் இறங்கிய பிள்ளையை விமான நிலையத்திலேயே கொண்டுபோய்விட்டார்களாம், ஒரு தகவலுமில்லையாம், விதானையார் ஒரு கடிதம் எழுதினால் விடுவார்களாம். அது அந்த மேசையில் கிடக்கிறது. பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது.

எனக்கு அவன்மேல் தனிப்பட்ட கோபம் ஏதுமில்லை, தம்பி. அணியின் நன்மை ஒன்றைத்தான் பார்த்தேன். நீங்கள் கேட்டிருந்தால் மே மாதத்திலேயே சொல்லியிருப்பேன்.

ஏன் எழும்பிவிட்டீர்கள். தேநீரைத் தொடவேயில்லையே. சரி, போவதற்கு முன் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். சனிக்கிழமை முதல் ஆட்டம். பிரதாபன்தானே எறிகிறான்?