கொக்கி இறங்கியதாக நான் கூவியது

பெயர் ஓர்வில் டக்கெட், வயது 43, சொந்த ஊர் அர்கன்சா மாநிலம், அமெரிக்கக் கடற்படையில் சீஃப் என்னும் படித்தரம், சேவை இருபத்திரண்டு வருடம். தற்சமயம் கொரியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பலில் வாசம். விசாரணைக் குழு முன் நான் மனமொப்பிச் சொல்வதாவது:

தளத்தின் பின்கோடியில் துடுப்பு அதிகாரிக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. அவர் இரண்டு துடுப்புகளை ஆட்டி விமானியை இறக்குவார். நான் பைனாகுலரில் விமானத்தின் வாலைப் பார்த்து, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிக்கும் கொக்கி இறங்கியிருக்கிறதா என்று கூவ வேண்டும். இறங்காவிட்டால் அவர் துடுப்பை ஆட்டி, இறங்காமல் மறுபடி மேலே போகும்படி விமானத்தைத் துரத்திவிடுவார். ஜெட் வருமுன், மெதுவாக வந்த விசிறி விமானக் காலத்திலிருந்தே "கொக்கி சக்கரம் எல்லாம் இறங்கியாச்சு" என்று ஒரே மூச்சில் கூவுவது என் பழக்கம். அப்போது பார்த்துக் கூவ நேரம் இருந்தது, பார்த்துக்கொண்டே ஒரு திருமணம் முடித்துப் பிள்ளையும் பெற்றிருக்கலாம். (இந்த வரியை அடித்துவிடச் சொன்னார்கள், அடிக்கவில்லை.)

1952 பிப்ரவரி 11 காலை, ஒரு மைலுக்கு அப்பால் பறக்கும் கடற்காகத்தின் இறகுகளை வெறுங்கண்ணால் எண்ணுவேன் என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி பிடிக்கும் டெலேனி, "அப்ப உங்க கழுத்துல அது எதுக்கு சீஃப், மாட்டு மணியா?" என்று கேட்டான். நான் பைனாகுலரைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டி, "நீயே கட்டிக்கோ. ஜெட்டோட ஆணியை எண்ணிச் சொல்றேன் பார்" என்றேன்.

அதன் பிறகு ஏழு ஜெட்டுகள் சரியாக இறங்கின. அதன் பிறகு எட்டாவதாக லெப்டினன்ட் ரேமண்ட் ஹாலிக் வந்தார். அவருக்குப் பின்னால் சூரியன் இருந்தது. சக்கரங்களைப் பார்த்தேன். வாய் பழக்கப்படி முழுவதையும் கூவியது. துடுப்பு அதிகாரி என் வார்த்தையை நம்பி, இயந்திரத்தை நிறுத்தும்படி சைகை காட்டினார். ஹாலிக் நிறுத்தினார். நிறுத்திய ஜெட்டை மறுபடி எழுப்ப முடியாது, அதற்குக் கோபம் வரவே எட்டு விநாடி ஆகும். அது எந்தக் கம்பியையும் பிடிக்காமல், குதித்துத் தடுப்பு வலையைத் தாண்டி, முன்னால் நிறுத்தியிருந்த விமானங்கள் மேல் விழுந்து தீப்பிடித்தது. அவரும், தளத்தில் விமானங்களைத் தள்ளி நிறுத்தும் நீலச் சட்டைக்காரர் மூவரும் இறந்தார்கள். தீ அணைந்த பிறகும் துடுப்பு அதிகாரி ஒரு துடுப்பைக் கீழே வைக்காமல் நின்றார்.

அதன் பிறகு சிதைவில், கொக்கியை இறக்க விமானி இழுக்கும் நெம்புகோல் ஏற்றிய நிலையிலேயே இருந்ததாகக் கண்டார்கள். என் கூவல் பதிவேட்டில் இருப்பதால், ஹாலிக் கொக்கியை இறக்கிவிட்டுக் கடைசி நொடியில் தானே ஏற்றிவிட்டார் என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அது ஊரில் அவர் மனைவிக்குப் போகிறது.

அப்படி நடக்கவில்லை. அவர் இறக்க மறந்தார். மறதியைப் பிடிக்கத்தான் நான் அங்கே நின்றேன். கொக்கியை நான் பார்க்கவே இல்லை.

இதைச் சொன்னதும் குழுத் தலைவர் பேனாவை வைத்துவிட்டு, "சீஃப், செத்தவனுக்காகப் பழியைத் தலையில தூக்கிக்கிறது பெரிய மனசுதான். ஆனா கப்பல் பூரா உங்க அளப்பு தெரியும். இது விசாரணை" என்றார்.

நான் அளப்பவன்தான். தூக்கம் வராத நாட்களில் ஹாலிக் என்னிடம் வந்து, "இன்னொரு பொய் எடுத்து விடுங்க சீஃப்" என்று கேட்பார். அவர் மட்டும்தான் விரும்பிக் கேட்டவர். ஆகவே என்னை நம்ப வேண்டாம். டெலேனியைக் கூப்பிட்டு அன்று பைனாகுலர் யார் கழுத்தில் இருந்தது என்று கேளுங்கள். அவன்மேல் தப்பு ஒன்றும் இல்லை.

இதைப் படித்துக்காட்டக் கேட்டேன். ஒரே ஒரு திருத்தம்: கடற்காகத்தின் இறகை ஒரு மைலில் எண்ணுவேன் என்றது பொய், கால் மைலில்கூட எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொன்னது.

(ஒப்பம்) ஓ. டக்கெட்