இரண்டும் கணக்குதான்

அறுபதுகளில் ஒரு காலை, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். அவள் கல்லூரியில் சேர விண்ணப்பம் கொடுக்கப் போகிறார்கள். அன்றுதான் கடைசி நாள். அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் நிரப்பிய விண்ணப்பப் பாரத்தை அப்போதுதான் வாங்கிப் பார்த்த தங்கை பதறினாள்.

“அண்ணே, அக்கவுண்டன்சின்னு எழுதியிருக்கீங்களே!”

“நீதானே கணக்குப் படிக்கணும்னு சொன்ன?”

“நான் சொன்னது மேத்தமேடிக்ஸ்.”

“அதுவும் கணக்குதானே லா?”

“இது கம்பெனி வரவு செலவு பாக்குற படிப்பு. நான் கேட்டது வேற.”

“நீ கேட்டதுல நம்பர் வராதா?”

“வரும். ஆனா எக்ஸ், வைன்னு எழுத்துதான் நிறைய வரும்.”

“கணக்குல எழுத்தா?” அவர் தலையைச் சொறிந்தார். “என்ன படிக்க வைக்கலாம்னு துறைமுகத்துல கேட்டா ஒருத்தன் நர்சிங்குங்கிறான், இன்னொருத்தன் ரேடியோ ரிப்பேருங்கிறான். நீ இப்படிச் சொல்ற. இதைப் படிச்சா யாரு வேலை தருவா?”

“டீச்சராகலாம். ஆகலேன்னாலும் எனக்கு அதுதாண்ணே வேணும்.”

அவர் பாரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

“எனக்கு ஒண்ணுமே புரியல. உனக்குப் புரியுதுல்ல? அடிச்சிட்டு நீயே எழுது.”

பஸ் குலுங்கிக்கொண்டே போனது. அவள் எழுதி முடிக்கும்வரை, பாரம் ஆடாமல் அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.