தெம்போவின் கட்டைவிரல்

உச்சி வெயில் நேரம். ராத்திரியில வர்றதெல்லாம் சாதுப் பேய்… இது பட்டப்பகல்ல வந்தது. டீயை அப்புறம் ஊத்தலாம், கிட்ட வாங்க.

நம்ம சிரா இருக்காளே, அவ சித்தப்பன் தெம்போவுக்கு நடந்தது. பிரிகாமா ஊருக்குத் தெற்கே, முந்திரித் தோப்பு நடுவுல செம்மண் பாதை. ஈ காக்கா இல்ல. அவன் தோள்ல துணி சுத்தின கோரா, பெரிய சுரைக்குடுக்கையில மாட்டுத்தோல் போர்த்தித் தந்தி கட்டின வாத்தியம். திருட்டுக் கோரா! செத்துப்போன அண்ணன் ஃபோடேவோடது.

அந்த வீட்டு வழக்கம் என்ன? வாசிச்சவன் செத்தா, நாற்பதாம் நாள் தர்மம் முடியற வரைக்கும் தந்தி அத்தனையும் தளர்த்திப் போடணும். யாரும் தொடக்கூடாது. அப்புறம் சிரா கைக்கு வரணும். அவ அப்பன் ஃபோடேயே சொல்லிட்டுத்தான் செத்தான். இந்தத் தடியனுக்குப் பொறுக்கல. பக்கத்து ஊர் பணக்கார வீட்டுல பெயர் வைக்கிற விழா, வாசிச்சா காசு கொட்டும்…

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அண்ணி கோரா?"ன்னு பிடுங்கினான்.

"அவளுக்கு அவ அப்பன் கத்துக் குடுத்தான். உனக்குப் பிடுங்க மட்டும்தான்டா தெரியும். நாசமாப் போ!"

கத்தினது அண்ணன் பொண்டாட்டி நியீமா. கையில ஒரு இரும்பு ஆணி. ஃபோடே வாசிக்கையில, கோராவோட சுரைக்குடுக்கை முதுகுல அந்த ஆணியால தாளம் தட்டுனவ அவதான்.

பாதி வழி… டொக். டொக் டொக்.

குடுக்கைக்கு உள்ளேருந்து.

கல்லு விழுந்திருக்கும்னு குலுக்கினான். ஒண்ணும் உருளல. துணியை அவுத்தான்… காலையில முறுக்கின தந்தி எல்லாம் தொங்குது. கோலாக்கொட்டை மென்ன வாய் வாடை. ஃபோடே வாய் எப்பவும் அப்படித்தான் நாறும்.

"செத்தும் உன் அதிகாரம் அடங்கலையா?" பயமில்ல பாருங்க, ஆத்திரம்! மறுபடி முறுக்கினான். டொக் டொக் டொக்… மாட்டுத்தோலே அதிருது. தோல்ல இருக்கிற ஓட்டைக்குள்ள கையை விட்டான்.

உள்ளே ஒரு கை. காஞ்ச கை, விரல் நுனியில தந்தி இழுத்த காய்ப்பு. அவன் கட்டைவிரலைப் பிடிச்சுது… விடல.

கை மாட்டின கோலத்துலயே அலறிக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்தான். சிரா வந்து கோராவைத் தொட்ட பிறகுதான் விரல் வெளியே வந்தது. நகம் கறுத்துப் போச்சு.

இப்ப சிராதான் வாசிக்கிறா. அவ தந்தியைத் தொட்டாப் போதும், எந்த ஊர்ல இருந்தாலும் தெம்போவோட கட்டைவிரல் தானா தாளம் தட்டும். துணி வச்சுக் கட்டிப் பார்த்தான். தூங்கினாலும் கட்டில் சட்டத்துல டொக் டொக்…

பாவம், உன் புருஷன்கிட்ட மன்னிச்சு விடச் சொல்லக்கூடாதான்னு நியீமாவைக் கேட்டேன். ஆணியைக் கிணத்துல போட்டுட்டாளாம்.

"எனக்குக் கை வலிச்சது போதும். அவன் தட்டட்டும்."