சோதனையில் அவன் சுத்தம்

எங்கள் மரம் அறுக்கும் மில்லில் காலைக் காபி போடுவது என் வேலையில்லை. ஆனாலும் பத்தொன்பது வருடமாக நான்தான் போட்டேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், இந்த மெய்ன் மாநிலக் குளிரில் விரல்கள் விறைத்துப்போகும். ஆட்கள் சூடாக ஏதாவது குடித்துவிட்டு ரம்பத்தின் முன் நின்றால் விபத்து குறையும். பாதுகாப்பு அதிகாரி என்றால் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

லூசியன் தெரியோவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? நல்ல வேலைக்காரன். பெரிய ரம்பத்துக்கு மரம் தள்ளுவது அவன் வேலை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கட்டை உருண்டு வந்து அவன் இடுப்பை நசுக்கியது. டாக்டர் அபின் வகை வலி மாத்திரை கொடுத்தார். மாத்திரை அவனைப் பிடித்துக்கொண்டது. மூன்று வருடம் அவன் மனைவி நொயெல்லா பட்ட பாடு ஊருக்கே தெரியும். பிறகு வேறொரு டாக்டர் மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி அட்டை எழுதிக் கொடுத்தார். மாத்திரை நின்றது. லூசியன் தேறினான்.

சென்ற அக்டோபரில் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை வைத்தேன். அவனுடையதில் கஞ்சா வந்தது. சாப்பாட்டு அறையில் பத்துப் பேர் முன்னால் அதைச் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவன் அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

“மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத வெண்டெல். டாக்டர் குடுத்தது இது. வேல முடிஞ்சு, வீட்ல, படுக்கப் போறப்ப ரெண்டு இழுப்பு. காலைல தெளிவாத்தான் வர்றேன். சட்டம் என் பக்கம்யா. நீ போய்க் காபியப் போடு.”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. லூசியனே என் தோளைத் தட்டினான்.

அவன் சொன்னது சரி. அட்டை வைத்திருக்கிறான் என்பதற்காக ஒருவனை வேலையை விட்டு அனுப்ப முடியாது. வேலை நேரத்தில் போதையில் இருந்தால்தான் முடியும். அன்று மாலை சட்டத்தை இரண்டு முறை படித்தேன். மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ரம்பத்தில் நிற்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றேன். கஞ்சாவை விட வேண்டும், இல்லையென்றால் வேலையை. முதலாளிக்கு இது தெரியாது. சோதனை முடிவுகள் சுத்தமாக வந்தால் அவருக்குப் போதும்.

லூசியன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, “அப்ப வலிக்கு நான் என்னத்தச் சாப்பிடறது?” என்று கேட்டான்.

“டாக்டர் எழுதிக் குடுக்கறது எதுவா இருந்தாலும் எனக்குச் சரி” என்றேன்.

அவன் எதற்குத் திரும்புவான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நவம்பரில் நொயெல்லா என் அறைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அந்த மாத்திரை திரும்ப எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு வெண்டெல். எங்க ஒளிச்சு வெச்சாலும் தேடி எடுத்துடறாரு. பெருக்கற வேல குடுங்க, வாசல்ல காவல் வேல குடுங்க, எதுன்னாலும் செய்வாரு. அந்தக் கஞ்சாவ மட்டும் புடிக்க விட்டுடுங்க.”

“சட்டம், நொயெல்லா. என் கையில என்ன இருக்கு?”

நம்பினாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரியில் மறுபடி சோதனை. கஞ்சா இல்லை. மாத்திரை இருந்தது, அதற்கு டாக்டர் சீட்டும் இருந்தது. சுத்தம் என்று எழுதினேன்.

பிப்ரவரி பதினொன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, பக்கத்து ரம்பத்துக்காரன் ரோஸேர் என் அறைக்கு வந்தான்.

“லூசியன் நின்னுக்கிட்டே தூங்கறான்யா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறான். அவன அங்கேருந்து இறக்கு.”

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஜன்னல் வழியாகப் பார்க்கவும் செய்தேன். லூசியனின் தலை மெல்ல மார்பில் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. எல்லா ரம்பங்களையும் நிறுத்தும் பொத்தான் என் மேஜைக்கு மேலேதான் இருக்கிறது. அதன்மேல் கையை வைத்தேன். அழுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று எழுத வேண்டும். சோதனையில் சுத்தமானவன் ஏன் தூங்கினான் என்று யாராவது கேட்பார்கள். சட்டத்தைப் பற்றி நான் சொன்ன பொய் வெளியே வரும். அவன் மறுபடி அட்டையை ஆட்டுவான். சாப்பாட்டு அறை மறுபடி சிரிக்கும்.

நான்கு நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன்.

மரத்தை அறுக்கும்போது ரம்பத்துக்கு ஒரு குரல் உண்டு. அது மாறினால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரியும். அன்று மாறியது. அதன் பிறகுதான் அழுத்தினேன். இப்போது வீட்டில் குழாயைத் திறந்தால், தண்ணீர் விழும் சத்தம் நடுவில் ஒரு கணம் அதே மாதிரி மாறுகிறது. குழாயை இரண்டு முறை மாற்றியாயிற்று. என் மனைவிக்குக் கேட்கவில்லையாம்.

லூசியனின் அடக்கத்தின்போது நொயெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கதான் அவர் வேலையக் காப்பாத்திக் குடுத்தீங்க. அத அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு” என்றாள். அவளாக விடும்வரை நான் கையை எடுக்கவில்லை.

ஆமாம், பார்த்துக்கொண்டே நின்றேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.