சாக்பீஸ் வீட்டில் ஒரு கட்டில்

கண்டு, கேட்டு, குனிந்து அளந்தாலன்றிக் கையெழுத்திடாத கண்ணியரே! வினாக்களின் வேந்தரே! இன்று பணி ஓய்வு பெறும் எம் நகராட்சியின் திட்ட அலுவலரே! வணக்கம்.

கோப்பு வந்ததும் பேனாவைத் தேடுவோர் நடுவே, சாக்பீஸைத் தேடுபவராகத் தாங்கள் பணியாற்றினீர்கள். காகிதத்திலுள்ள வீட்டைத் தரையில் முழு அளவில் வரைந்து, அதற்குள் ஆட்களை நிற்கவும் படுக்கவும் வைத்து, "இங்க யாரு தூங்குவாங்க?" என்று கேட்பது தங்கள் வழக்கம். எங்கள் உடைகளில் அந்த வெள்ளை இன்னும் ஒட்டியிருக்கிறது.

நாடு முழுவதற்கும் ஒரே வீட்டளவு என்று புதிய சட்ட வரைவு தலைநகரிலிருந்து வந்தது. உள்ளாட்சிகளின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். பேசாதிருந்தால் சம்மதம் என்று கொள்வார்களாம். நம் நகர்மன்றம் தலையாட்டத் தயாராகவே இருந்தது. தாங்களோ மன்றக் கூடத்தின் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, அந்த வீட்டை வரையத் தரையில் குனிந்தீர்கள். இடிபடவிருக்கும் பழைய குடியிருப்பில் வாழ்ந்து, இந்த அளவில் புது வீடு பெறவிருக்கும் நம் அலுவலக ஓட்டுநரை, அவர் தாயாரின் கட்டிலோடு வரவழைத்தீர்கள். கட்டில் கச்சிதமாக அடங்கியது. குறை எதுவும் அகப்படாமல் தங்கள் முகம் வாடியதைப் பார்த்து நாங்கள் உள்ளுக்குள் சிரித்தோம்.

அப்போது நகர்மன்றத் தலைவர் அம்மையார் கேட்டார்: "எல்லாம் சரி சார், சுவர எங்க வச்சீங்க?"

வரைவு சொன்ன அளவில் சுவரின் கனமும் சேர்த்தி. தாங்கள் வெறும் கோடு போட்டிருந்தீர்கள். வேறொருவர் என்றால் மழுப்பியிருப்பார். தாங்கள் மனங்குளிர்ந்து, அழித்து, சுவரோடு மீண்டும் வரைந்தீர்கள்.

"சார், இப்ப கட்டில் கால் ரெண்டு வாசலுக்கு வெளிய நிக்குது. அம்மா எங்க படுப்பாங்க?" என்றார் ஓட்டுநர். மன்றம் அன்றே ஆட்சேபத்தை அனுப்பியது.

இன்று காலை தலைநகரிலிருந்து தகவல் வந்தது. அந்தச் சாக்பீஸ் வீட்டை நேரில் பார்க்க அடுத்த வாரம் அதிகாரிகள் வருகிறார்கள். நாங்களோ தங்கள் பிரிவுபசார விழாவுக்காக நேற்றுத்தான் கூடத்தைப் பளிச்சென்று கழுவினோம்!

வீட்டை நாங்களே மறுபடி வரைந்துவிடலாம், ஆனால் வருபவர்களை மடக்கிக் கேட்க எங்களுக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆகவே நினைவுப் பரிசு, ஒரு பெட்டி சாக்பீஸ். அன்று தங்களை அழைத்துவர ஓட்டுநர் வண்டியோடு வருவார். கட்டில் ஏற்கெனவே வந்துவிட்டது. விரிப்பை விலக்கிப் பாருங்கள், தாங்கள் அமர்ந்திருப்பது அதன்மேல்தான்.

நோயின்றி, நொடியின்றி, பல்லாண்டு வாழ்க! அந்தத் தாயார் கால்நீட்டிப் படுக்கும்வரை மட்டும் ஓய்வெடுக்காதீர்கள்.

தங்களைப் போகவிட மனமில்லாத,
நகராட்சித் திட்டப் பிரிவினர்